மறைத்து வைத்த எம்.ஏ.

நான் எம்.ஏ. படித்தவன். இதை எழுதும்போதே பின்னால் யாராவது நின்று பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. அப்படி ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தோரு வருடமாக கிரைண்டிங் மெஷினில் நிற்கிறேன். அங்கே என் ஃபைலில் நான் பிளஸ் டூ. வீட்டில் என் மகளுக்கும் போன மாதம் வரை நான் பிளஸ் டூதான்.

படித்தது அரசியல் அறிவியல். ஆசைப்பட்டு எடுத்தேன் என்று சொன்னால் அது புளுகு. கிருஷ்ணகிரிக் கல்லூரியில் அட்மிஷனுக்கு நின்றபோது எனக்கு முன்னால் நின்ற பையனோடு பி.காம். தீர்ந்துபோனது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர், “பாலிடிக்ஸ் இருக்குது. எடுத்துக்கிறியா, ஊருக்குப் போறியா?” என்றார். சூளகிரிப் பக்கம் கூலிக்காரர் வீட்டிலிருந்து போனவன் நான். ஊருக்குப் போனால் தக்காளிக் கூடை தூக்க வேண்டும். எடுத்துக்கொண்டேன்.

ஆறு மாதத்துக்குள் அந்தப் படிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. வகுப்பில் பன்னிரண்டு பேர், அதில் பாதிப் பேர் பஸ் பாஸுக்காக வந்தவர்கள். நான் மட்டும் கிறுக்கன் மாதிரி நூலகத்தில் கிடந்தேன். எங்கள் ஊரில் யார் யாரை எந்த வாசலோடு நிறுத்துவார்கள், ஏன் நிறுத்துவார்கள் என்பதெல்லாம் தலையெழுத்து என்று நினைத்து வளர்ந்தவனுக்கு, அது ஆட்கள் சேர்ந்து செய்து வைத்த ஏற்பாடு, மாற்றினால் மாறும் என்று தெரிந்தது. எனக்கு எவ்வளவு கோபம் வந்தது, எவ்வளவு சந்தோஷமும் வந்தது! இரண்டாம் வருடம் ஊரில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து, தீர்மானப் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். எங்கள் தெருவுக்குக் குழாய் போட்டு முடித்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. தெருவே சிரித்தது. அடுத்த கோடைக்குள் நிஜமாகவே குழாய் வந்தது. “எம் புள்ள படிச்ச படிப்பு தண்ணி கொண்டாந்துச்சு” என்று அம்மா அந்தக் குழாயடியில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சேலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வந்தபோதுதான், இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கல்லூரியில் பாடம் நடத்த வேண்டுமென்றால் இன்னும் பரீட்சைகள், ஆராய்ச்சி, அதற்கப்புறம் தற்காலிக வேலைக்குக் காத்துக் கிடப்பது. வக்கீலாக இன்னும் மூன்று வருடம். அரசு வேலைக்கான தேர்வை நாலு தடவை எழுதினேன். நாலாவது தடவை கொஞ்சத்தில் போனது. அந்தக் கொஞ்சம்தான் ரொம்பக் கெட்டது. முழுசாகத் தோற்றிருந்தால் அன்றைக்கே விட்டுத் தொலைத்திருப்பேன். இடையில் ஓசூரில் ஒரு டுடோரியலில் பாடம் எடுத்தேன், கல்யாணமும் ஆனது. கெலமங்கலத்தில் மாமனார் வீட்டில் என்னை ‘எம்.ஏ. மாப்பிள்ளை’ என்றுதான் சொல்வார்கள். டுடோரியலை மூடினார்கள். அப்போது மனைவிக்கு ஏழு மாதம்.

கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் காண்டிராக்டரின் ஆளிடம் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அத்திப்பள்ளிப் பக்கத்து மனிதர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். மேலே இருந்த எம்.ஏ. சர்டிபிகேட்டைப் பார்த்ததும் ஏதோ அசிங்கத்தைத் தொட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

“பேடா சாமி, பேடா. டிகிரி வேணாம். டிகிரிக்காரன் ஆறு மாசத்துல ஓடிடுவான்னு எடுக்கவே மாட்டாங்க. அதுலயும் நீ படிச்சது பாலிடிக்ஸு. சங்கம் வைக்க வந்தவன்னு நெனச்சிக்கினு கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவாங்க. பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும் குடு.”

“அதுக்கப்புறம் பத்து வருஷம் இடைவெளி இருக்குதேண்ணா?”

“கூலி வேலை செஞ்சேன்னு எழுது. யாரு வந்து பாக்கப் போறா?”

எழுதினேன். அப்போது பெரிய வருத்தம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. வேலை கிடைத்ததே என்றுதான் இருந்தது. அன்றைக்கு ஓசூரில் இப்படி மறைத்துக்கொண்டு உள்ளே போனவன் நான் ஒருவன் மட்டுமில்லை. பி.எஸ்சி. படித்தவன், பி.எட். முடித்தவன் எல்லாம் பிளஸ் டூவாக லைனில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் மோப்பம் பிடித்துக் கண்டுகொள்வோம், வாய் திறக்க மாட்டோம். ஆறு வருடம் கழித்து என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். பயம் அப்போதுதான் சரியாகப் பிடித்தது. தகவலை மறைத்தான் என்று ஒரு காகிதம் போதும், அனுப்பிவிடலாம். எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் அதே கம்பெனி. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள், எதைக் கேட்டாலும் தெருவுக்கே ஒப்பிப்பாள்.

மனைவியிடம், “அவகிட்ட என் படிப்பச் சொல்லாத. ‘எங்கப்பா எம்.ஏ.’ன்னு ஸ்கூல்ல சொன்னா சாயந்தரம் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போயிடும்” என்றேன்.

“பெத்த புள்ளகிட்ட போயி என்னத்த மறைக்கிறது?” என்றாள்.

“பெரியவ ஆனதும் சொல்லிக்கலாம்.”

பெரியவள் ஆகிக்கொண்டே இருந்தாள். சொல்லவில்லை. கெலமங்கலத்தில் யாரையும் நான் வாயை மூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெஷினில் நிற்கிற மாப்பிள்ளையை எம்.ஏ. மாப்பிள்ளை என்று சொல்ல அவர்களுக்கே கூச்சமாகி, தாமாகவே நிறுத்திவிட்டார்கள்.

ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. பக்கத்து மெஷினில் நின்றவருக்கு ஒருநாள் விரல் நுனி போனது. நஷ்டஈடு தராமல் தப்பிக்க, ஷிஃப்ட் முடிந்து வெளியே போகும்போது அடிபட்டதாகக் கம்பெனியில் ஒரு பேப்பரில் எழுதிவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு கேன்டீனுக்கு வந்து, “யாருக்காச்சும் சட்டம் தெரியுமாப்பா? இதுல நான் கையெழுத்துப் போடலாமா?” என்று மேஜை மேஜையாகக் கேட்டார். போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஏன் போடக்கூடாது, யாருக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். தலையைக் குனிந்து சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். நாலு மாதத்தில் தர்மபுரிக்கே திரும்பிப் போய்விட்டார்.

மகள் படித்தது ஓசூரில் ஓர் உதவி பெறும் பள்ளி. கணக்கும் அறிவியலும் நன்றாக வந்ததால் அந்தப் பிரிவில் சேர்த்தோம். பதினொன்றாம் வகுப்பில் மாதிரி நாடாளுமன்றம் என்று ஒரு போட்டி வைத்தார்கள். இவள் எதிர்க்கட்சித் தலைவர். ஒரு வாரம் வீட்டில் சபாநாயகர் எங்கள் ஃபிரிட்ஜ்தான். அதற்கு முன்னால் நின்று, “மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே!” என்று ஆரம்பித்தாளென்றால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்காது. எனக்கு உடம்பு சிலிர்க்கும். அட, என் பெண்ணா இவள் என்று இருக்கும். ஓர் இடத்தில், பூஜ்ய நேரம் முடிந்துதான் கேள்வி நேரம் வரும் என்று மாற்றிச் சொன்னாள். மக்களவையில் கேள்வி நேரம்தான் முதலில். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். போட்டியில் நடுவர் அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். முதல் பரிசு போய் இரண்டாம் பரிசோடு வந்து, “சொல்லித்தர ஒரு ஆளு இல்லப்பா நமக்கு” என்றாள். ஆமாம் என்றேன். ஆமாம் என்று எப்படித்தான் என் வாயிலிருந்து வந்ததோ!

பிளஸ் டூ மார்க் வந்த மறுநாள், “நான் பொலிட்டிகல் சயின்ஸ் படிக்கிறேம்பா” என்றாள்.

எனக்கு உள்ளே என்னவெல்லாம் புரண்டது என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பயம்தான் அதிகம். அவளும் ஒருநாள் யாரோ ஒருவன் மேஜை முன்னால் நின்று, படித்ததை மறைத்து எழுத வேண்டுமா? மூச்சு விடாமல் பேசினேன். மூன்று வருடம் பி.ஏ., இரண்டு வருடம் எம்.ஏ., அதற்கப்புறம் இந்தப் பரீட்சை, அந்தப் பரீட்சை, எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை பேருக்குக் கிடைக்கிறது. கல்லூரிச் செலவு ஒரு செலவே இல்லை, அதற்கப்புறம் வேலைக்குக் காத்திருக்கிற வருடங்கள்தான் செலவு. இந்தப் பக்கம் இன்ஜினியரிங் என்றால் நாலே வருடம், சூளகிரி வரைக்கும் புதிது புதிதாகக் கம்பெனி வருகிறது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “உங்களுக்கு எப்பிடிப்பா இவ்ளோ தெரியும்? நீங்க பிளஸ் டூ தானே?” என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். மனைவி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்:

“எங்க கம்பெனில ஒருத்தன் இருக்கான். எம்.ஏ. பாலிடிக்ஸ். பெரிய படிப்பாளின்னு திரிஞ்சான். இப்ப என் பக்கத்து மெஷின்ல பீஸ் தள்ளிக்கினு நிக்கிறான்.”

ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. அவன் நாலு தடவை பரீட்சை எழுதியது, பொண்டாட்டி கழுத்தில் கிடந்ததையும் அடகு வைத்தது, படிப்பை மறைத்து வேலைக்குச் சேர்ந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ‘அந்தப் பய’ என்றேன், ‘வெட்டிப்பய’ என்றேன். குழாயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. என்மேல் எனக்கிருந்த ஆத்திரத்தையெல்லாம் கொட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டான். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு மிக்ஸியைப் போட்டாள்.

மிக்ஸி நின்றதும் மகள், “அவர்கிட்ட நான் ஒருவாட்டி பேசலாமாப்பா?” என்றாள்.

“எதுக்கு?”

“சும்மாதான். எனக்குத் தெரிஞ்சு அத படிச்ச ஒரு ஆளுகூட இல்ல. வேலை கிடைக்கலன்னு சொல்றீங்க, சரி. படிக்கிறப்ப எப்பிடி இருந்துச்சுன்னு கேக்கணும். மறுபடி ஒரு சான்ஸ் கெடச்சா அதையே எடுப்பாரான்னு கேக்கணும். அவரு வேணாம்னா நானும் வேணாம்னு விட்டுடறேன்.”

பெண் எவ்வளவு நியாயமாகக் கேட்டாள்! பதினேழு வயதில் எனக்கு இப்படி ஒரு கேள்வி கேட்கத் தெரிந்திருக்காது. நான், “அவன் வேலையை வுட்டுட்டுப் போயிட்டாம்மா. எந்த ஊருன்னு தெரியல” என்றேன்.

“இப்பதான் பக்கத்துல நிக்கிறார்னீங்க?”

“நின்னான். போன மாசம் போயிட்டான்.”

மூன்றாம் நாள், “சரிப்பா, இன்ஜினியரிங்கே போறேன்” என்றாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் இன்னும் சண்டை போடுவாள் என்று எனக்குள் ஒருவன் காத்திருந்திருக்கிறான். ஃபிரிட்ஜோடு அத்தனை நேரம் வாதாடியவள் என்னோடு இன்னும் ஒரு வாரம் வாதாடியிருக்கக் கூடாதா? அப்படி வாதாடியிருந்தால் நான் தோற்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இடம் கிடைத்தது தனியார் கல்லூரியில். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் ‘முதல் பட்டதாரி’ என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கலாம், கட்டணம் குறையும். விசாரணைக்கு வரச் சொன்னார்கள். கிராம நிர்வாக அலுவலர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வீட்ல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்கீங்களா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள், “யாரும் இல்லைங்க சார். நான்தான் ஃபர்ஸ்ட்டு” என்றாள். அந்த ஆபீசில் இருந்த நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இன்ஜினியரிங் பிடிக்காமல் போனவள்தான், ஆனால் அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் அவ்வளவு பெருமை.

“அப்பா இங்க ஒரு கையெழுத்து” என்று காகிதத்தைத் தள்ளினார். குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன், பொய் என்றால் சட்டப்படி நடவடிக்கைக்கு உட்படுகிறேன் என்று இருந்தது. உறுதிமொழிக்கும் சத்தியத்துக்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம் என்று ஒரு காலத்தில் பத்துப் பக்கம் எழுதி முதல் மார்க் வாங்கியவன் நான். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து அவளுக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு வேண்டாம் என்றேன்.

இப்போது மூன்றாம் வருடம். ஒரு பேப்பரிலும் தவறியதில்லை. காலையில் கல்லூரி பஸ், மாலையில் வந்து ரெக்கார்டு எழுதுவாள். கெட்டிக்காரி, எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவாள். ஆனால் வாய் போய்விட்டது. டி.வி.யில் செய்தி ஓடும்போது முன்பெல்லாம் ஒவ்வொருவரையும் பிடித்து இழுத்துத் திட்டுவாள், இப்போது எழுந்து உள்ளே போய்விடுகிறாள். “அடங்கிட்டாளே, நல்ல பொண்ணு” என்று பக்கத்து வீட்டில் மெச்சுகிறார்கள்.

போன மாதம் கெலமங்கலத்தில் மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம். எனக்கு ஷிஃப்ட், தாயும் மகளும் போனார்கள். எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாமல் விடவே மாட்டார்கள். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்குக்கூடப் பெருமையாக நாலு எழுத்துப் போட்டுவிடுவார்கள். என் சர்டிபிகேட்டுகளை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துக் காத்த புத்திசாலி நான், ஊர் முழுக்க முந்நூறு பத்திரிகை கொடுத்ததை மறந்தே போனேன். சாமான்களைப் புது வீட்டுக்கு மாற்றும்போது எங்கள் கல்யாண ஆல்பம் வெளியே வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் பத்திரிகையை ஒட்டி வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். மகள் எதிரில் உட்கார்ந்து போனை நீட்டினாள். பத்திரிகையைப் படம் எடுத்து வந்திருந்தாள். என் பெயர், அதற்குப் பின்னால் எம்.ஏ., அதற்கும் பின்னால் அடைப்புக்குள் ‘அரசியல் அறிவியல்’. மாமனார் பாடத்தைக்கூட விடாமல் போட்டிருக்கிறார்.

“அந்தப் பக்கத்து மெஷின்காரரு...” என்றாள்.

தலையை ஆட்டினேன்.

“அப்ப என்னோட சர்டிபிகேட் பொய்யாப்பா? மூணு வருஷமா பொய்யிலதான் ஃபீஸ் கட்டிக்கினு இருக்கோமா?”

“ஆமாம்மா.”

அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. மனைவி வாசலில் நின்றபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகள் போனைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அந்தப் பத்திரிகையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு நிதானமாக, “வேலை போயிடும்னு மறைச்சீங்க. அது எனக்குப் புரியுதுப்பா. அந்த ஆள அப்பிடித் திட்டினீங்களே, அதுதான் புரியல” என்றாள்.

என் மகள் முன்னால் நான் அழுததில்லை, அன்று அழுதேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. பன்னிரண்டு பேர் வகுப்பு, நூலகம், ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றது, அந்தப் படிப்பு இல்லாமல் போயிருந்தால் நான் என்னவாக இருந்திருப்பேன் என்பது எல்லாவற்றையும். இருபத்தோரு வருடம் வாய்க்குள் கிடந்தது இது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு அந்தாளுகிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும்னியேம்மா. இப்பக் கேளு. எதையும் மறைக்காம சொல்றேன்.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போனை அணைத்தாள்.

“வேணாம்பா,” என்றாள். “இப்பக் கேட்டா அந்தப் படிப்பு எனக்குப் புடிச்சிடும்.”